ஹவாய் தீவுகளில் மட்டும் இத்தனை வகை ஊசித்தட்டான்கள் எப்படி வந்தன?

குளத்தோரம் சிறகுகளை முதுகின் மேல் மடித்து உட்காரும் ஒல்லித் தட்டான்தான் ஊசித்தட்டான். ஹவாயில் இதன் மெகலாக்ரியான் என்ற ஒரே பேரினத்தில் 20-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் உண்டு. உலகில் வேறெங்கும் இவை கிடையாது. மூதாதை ஒன்றுதான். அது வந்து சேர்ந்த இடத்துக்கு மிக அருகிலுள்ள கண்டமே 3,500 கி.மீ.க்கு அப்பால் இருக்கிறது!

சரி, ஒன்று பலவானது எப்படி? எரிமலைகள் தீவுகளை ஒவ்வொன்றாக எழுப்பின. கவாய் தீவுக்குச் சுமார் 50 லட்சம் வயது, ‘பெரிய தீவு’ எனப்படும் ஹவாய் தீவுக்குப் 10 லட்சம்கூட இல்லை. புதுத் தீவுக்குப் போன கூட்டம் பழைய கூட்டத்தோடு கலக்காமல் தனியே மாறியது. ஊர் விட்டு ஊர் போன சொந்தங்களின் பேச்சுவழக்கு சில தலைமுறைகளில் மாறிவிடுவதில்லையா, அதுபோல.

அப்புறம், குஞ்சு வளரும் இடமும் பிரிந்தது. எனக்குப் பிடித்தது இதுதான்: சில இனங்களுக்கு ஓடையே வேண்டாம். தாழைக் குடும்பத்துக் கொடியின் இலைக்கக்கத்தில் தேங்கும் கையளவு மழைநீர் போதும். ஓவாஹு தீவில் ஒன்றின் குஞ்சு தண்ணீரையே விட்டுவிட்டு, பெரணிக்கு அடியில் ஈரச் சருகில் வளர்கிறது. ஓடைக் குஞ்சின் வால்நுனியில் இலைபோல விரியும் மூன்று செவுள்கள், இதற்குக் குட்டையாகத் தடித்து மயிர் அடர்ந்திருக்கும்.

ஊசித்தட்டான்கள் தேவைக்கேற்பத் தம் உடலை மாற்றிக்கொண்டன என்று பலர் நினைப்பது சரியல்ல; பிறப்பிலேயே சற்று வேறுபட்டிருந்தவற்றில் அந்த இடத்துக்குப் பொருந்தியவை பிழைத்து, அதிகம் முட்டையிட்டன.