மூன்றாவது நீட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன்

அம்மா, போன சனிக்கிழமை மகளோடு வந்தீர்கள். அவள் பெரியப்பாவும் கூட இருந்ததால் அன்று பாதிதான் சொன்னேன். மீதியை எழுதுகிறேன்.

இரண்டு முறை நீட் எழுதியும் மதிப்பெண் வரவில்லை. மூன்றாவது முறைக்குக் கோச்சிங், அதிலும் வராவிட்டால் வீட்டை அடமானம் வைத்து நிர்வாக ஒதுக்கீட்டில் சீட். இதுதானே திட்டம்? உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆனாலும் வேண்டாம். இருக்கிற ஒரே வீட்டின் பத்திரத்தை வங்கியில் வைக்காதீர்கள். "நம்ம குடும்பத்துக்கு ஒரு டாக்டர் வேண்டாமா" என்று கேட்கிற சொந்தக்காரர் ஒருவரும் மாதத் தவணை கட்ட வரமாட்டார்.

அன்று அவள் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் காட்டினாள், கவனித்தீர்களா? கிணற்றுத் தண்ணீர், தென்னந்தோப்பு மண், கோயில் குளம் என்று அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் தாளில் பார்த்த எண்களைத் தேதி போட்டு எழுதியிருக்கிறாள். மழைக்கு மறுநாள் எடுத்தவை மட்டும் சிவப்பு மையில். யாரும் சொல்லிச் செய்ததில்லை. நீட் பற்றிக் கேட்டபோது தரையைப் பார்த்துக்கொண்டிருந்த பெண், அந்த நோட்டைத் திறந்த பிறகு பேச்சை நிறுத்தவில்லை.

பொறியியல், நர்சிங் எல்லாம் நீங்கள் விசாரித்தவை, விடுங்கள். மேட்டுப்பாளையத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வனக் கல்லூரி இருக்கிறது. அங்கே பி.எஸ்சி. வனவியல் 4 ஆண்டுப் படிப்பு. நீட் தேவையில்லை, பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் கலந்தாய்வு. அவள் வேதியியல் மதிப்பெண் அங்கே வீண்போகாது.

"படிச்சு முடிச்சு காட்டுக்குக் காவல் காக்கவா?" என்று பெரியப்பா கேட்டார். காவல் எளிய வேலையில்லை, அது இருக்கட்டும். நான் சொல்வது காட்டின் மண்ணையும் தண்ணீரையும் ஆராய்கிற வேலை. உலர்ந்த இலைகளை எடைபோட்டு நைலான் வலைப்பையில் கட்டி, மரத்தடியில் வைப்பார்கள். மாதாமாதம் சில பைகளை எடுத்து வந்து எவ்வளவு மக்கியது, நைட்ரஜன் எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பார்கள். எந்த மரம் மண்ணுக்கு எதைத் திருப்பித் தருகிறது என்று அப்படித்தான் தெரியவருகிறது.

நீலகிரி கிளன்மார்கனில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நீர்ப்பிடிப்புப் பகுதிகள், ஒவ்வொன்றும் சுமார் 32 ஹெக்டேர். 1972இல் ஒன்றில் மட்டும் தைலமரம் நட்டார்கள், மற்றதைப் புல்லும் சோலையுமாக விட்டார்கள். தைலமரம் வளர வளர அந்தப் பக்கத்து ஓடையில் தண்ணீர் குறைந்தது. ஆண்டுக்கணக்கில் அளந்ததால்தான் அதைச் சொல்ல முடிந்தது. அமெரிக்காவில் ஹப்பர்ட் புரூக் காட்டில் 1963 முதல் மழையோடு இறங்கும் வேதிப்பொருள்களையும் ஓடையோடு வெளியேறுபவற்றையும் அளந்து வருகிறார்கள். ஒரு சரிவில் மரங்களை வெட்டி, மூன்று ஆண்டு எதையும் முளைக்கவிடாமல் வைத்தபோது, உறிஞ்ச வேர் இல்லாமல் மண்ணின் நைட்ரேட் ஓடையோடு போனது. அங்கே பெய்வது அமில மழை என்று கண்டதும் இதே அளவைகளால்தான். உங்கள் மகளின் சிவப்பு மைக் கணக்கும் இந்த வகைதான் அம்மா. அதனால்தான் இவ்வளவு நீட்டுகிறேன்.

அப்புறம் வேலை. பட்டம் வாங்கியதும் சம்பளம் என்று நான் சொல்லமாட்டேன், முதுகலை படித்தே ஆக வேண்டும். டேராடூனில் 1906இல் தொடங்கிய வன ஆராய்ச்சி நிறுவனத்தில் எம்.எஸ்சி. இருக்கிறது. கோவையில் வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனம் இருக்கிறது. நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வு எழுதி, ஜேஆர்எஃப் என்கிற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முனைவர் பட்டம் படிக்கும்போதே மாதம் 37,000 ரூபாய். இந்திய வனப் பணித் தேர்வு எழுத நினைத்தால் வனவியல், வேதியியல் இரண்டையுமே விருப்பப் பாடமாக எடுக்கலாம். அட்டை கடிக்கும், மழையில் நடக்க வேண்டும். இதை அவளிடமே கேட்டேன். "எத்தனை கிலோமீட்டர் சார்?" என்றாள்.

கோச்சிங்குக்கு முன்பணம் கட்ட இந்த வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள் என்றீர்கள். கட்டாதீர்கள். அன்றைக்கு அவளை மேட்டுப்பாளையம் கூட்டிப்போய் அந்தக் கல்லூரியைப் பார்த்து வாருங்கள். மண் ஆய்வகத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். நோட்டை அவள் கையோடு எடுத்துவரட்டும்.