முதல் மாரத்தானுக்கு ஞாயிறு ஓட்டங்களை நீட்டுவது எப்படி? கேள்வி பதில்

ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானில் முதன்முறையாக முழுத் தூரம் ஓடவிருக்கும் சிலர் கேட்டவற்றுக்கு, பல ஆண்டுகளாக நெடுந்தூரம் ஓடி, புதியவர்களோடும் ஞாயிறுதோறும் ஓடிவரும் அனுபவத்திலிருந்து விடை அளிக்கிறேன்.

கேள்வி: அரை மாரத்தானை இரண்டரை மணி நேரத்தில் முடித்திருக்கிறேன். இன்னும் 18 வாரங்கள் உள்ளன. இப்போது ஞாயிறுதோறும் 12 கி.மீ. ஓடுகிறேன். எப்படிக் கூட்டிக்கொண்டு போவது?

மூன்று வாரம் ஏற்றி, நான்காம் வாரம் இறக்குங்கள். 12, 14, 16 என்று சென்று, நான்காவது ஞாயிறு 12-க்கே திரும்புங்கள். அடுத்து 18, 20, 22, பிறகு 16. அதன்பின் 24, 24, 26, பிறகு 18. பதின்மூன்றாம் வாரம் 28, மறுவாரம் 20, பதினைந்தாம் வாரம் மீண்டும் 28. கடைசியாக 20, 12, பிறகு போட்டி.

இறக்கும் வாரத்தை வீண் என்று எண்ணித் தாண்டிச் செல்பவர்களையே நான் காயத்தோடு அதிகம் பார்த்திருக்கிறேன். இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே புதிய சுமைக்குப் பழகிவிடுகின்றன. தசைநாண்களுக்கும் எலும்புகளுக்கும் மாதக்கணக்கில் நேரம் வேண்டும். மூச்சு வாங்காமல் ஓட முடிகிறது என்பதற்காகக் காலும் தயாராகிவிட்டது என்று நம்பிவிடக் கூடாது.

பல அட்டவணைகள் 32 கி.மீ. வரை போகச் சொல்லும்போது நான் 28-இல் நிறுத்தச் சொல்வது ஏன் என்று கேட்பீர்கள். நிதானமாக ஓடும்போது உங்களுக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 8 நிமிடம் ஆகும். அந்தக் கணக்கில் 32 கி.மீ. என்பது நாலே கால் மணி நேரம். மூன்றரை, மூன்றே முக்கால் மணியைக் கடந்தபின் கிடைக்கும் பயனைவிட, சோர்ந்த கால்கள் படும் அடியே மிகுதி. அடுத்த வாரம் முழுவதும் ஓட முடியாமல் போனால், அந்தக் கூடுதல் 4 கிலோமீட்டரால் என்ன பயன்? 28-ஐ இருமுறை நலமாக முடிப்பது, 32-ஐ ஒருமுறை நொண்டி முடிப்பதைவிட மேலானது. வார நாள்களில் மூன்று நாள் ஓடுவதையும் கைவிடாதீர்கள். ஞாயிறு மட்டும் ஓடிப் பயனில்லை.

கேள்வி: பயிற்சியில் 42 கி.மீ. ஓடாமல், போட்டியன்று எப்படி முடிப்பேன்?

ஒரே நாளின் தூரம் அன்று உங்களைக் கொண்டுசேர்ப்பதில்லை. 17 வாரங்களில் சேர்ந்த மொத்த ஓட்டமும், அதன் பிறகு எடுத்த ஓய்வுமே கொண்டுசேர்க்கின்றன.

கேள்வி: நண்பர்கள் வேகமாக ஓடச் சொல்கிறார்கள். மெதுவாக ஓடினால் மெதுவாக ஓடத்தானே பழகுவோம்?

நீண்ட ஓட்டத்தின் வேலை வேறு. தசைகளில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுவதும், உடல் கொழுப்பை எரிபொருளாகக் கொள்ளப் பழகுவதும் நிதானமான வேகத்தில், நெடுநேரம் ஓடும்போதே நன்கு நடக்கின்றன. நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்டு, 1960 ரோம் ஒலிம்பிக்கில் 800 மீட்டரில் தங்கம் வென்ற பீட்டர் ஸ்னெல்லைக்கூட ஞாயிறு ஓட்டமாக 35 கி.மீ. அளவுக்கு மலைப்பாதையில் ஓட வைத்தார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

உடன் ஓடுபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், அதுவே அளவு. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் சென்னைக் காற்றின் ஈரப்பதத்தால் வியர்வை ஆவியாகாமல் உடலிலேயே வழியும். உடல் சூடு தணியாது. அப்போது கைக்கடிகாரம் காட்டும் வேகத்தை மறந்து, மூச்சை மட்டும் கவனியுங்கள். பத்து நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடப்பதில் எந்தக் குறைவும் இல்லை.

கேள்வி: தண்ணீரும் உணவும் எவ்வளவு?

ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். போன ஞாயிறு புறப்படும்போது என் எடை 62.4 கிலோ, இரண்டு மணி நேரம் கழித்து, சட்டையைப் பிழிந்து காயப்போட்டுவிட்டு ஏறி நின்றபோது 60.9. வழியில் அரை லிட்டர் குடித்திருந்தேன். ஆக, இழந்தது 2 லிட்டர், மணிக்கு ஒரு லிட்டர். அத்தனையையும் ஓடும்போதே ஈடுகட்ட முயலக் கூடாது. தாகத்துக்குக் குடித்தால் போதும். 2002 பாஸ்டன் மாரத்தானை ஓடி முடித்த 488 பேரின் இரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்து, ஓட்டத்தின்போது எடை கூடியவர்களுக்கே அந்த ஆபத்து அதிகம். இளநீரில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. ஆகவே ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

60 கிலோ எடையுள்ளவருக்கு முழு மாரத்தானுக்கு ஏறத்தாழ 2,500 கலோரி செலவாகும்; தசையிலும் கல்லீரலிலும் சேமித்திருக்கும் மாவுச்சத்து ஏறத்தாழ 2,000 கலோரி அளவே. பலர் 30 கி.மீ. தாண்டியதும் தடுமாறுவது இதனால்தான். ஒன்றரை மணி நேரத்துக்கு மேற்பட்ட ஓட்டங்களில், மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து எடுங்கள். ஒரு வாழைப்பழமோ சிறு துண்டு வெல்லமோ ஏறத்தாழ 25 கிராம் தரும். போட்டியன்று சாப்பிடப் போவதை நீண்ட ஓட்டங்களிலேயே சாப்பிட்டு, வயிறு ஏற்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கேள்வி: 20 கி.மீ. ஓடிய பிறகு முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி. தொடரலாமா?

விரலால் அழுத்திப் பாருங்கள். எலும்பின் நெடுகிலும் பரவலாக வலித்தால், சில நாள் ஓய்வெடுத்து, தூரத்தைக் குறைத்துப் பாருங்கள். ஒரு காசு அளவே உள்ள ஒரே இடத்தில் சுரீரென்று வலித்தாலோ, நடக்கும்போதும் இரவிலும் வலித்தாலோ, அன்றே ஓட்டத்தை நிறுத்தி எலும்பு மருத்துவரிடம் செல்லுங்கள். அது நுண்முறிவாக இருக்கக்கூடும். என் முதல் மாரத்தானுக்கு ஐந்து வாரம் இருந்தபோது அப்படி ஒரு வலியைத் தைலம் தேய்த்துச் சமாளித்து, மேலும் இரண்டு ஞாயிறுகள் ஓடினேன். பிறகு இரண்டு மாதங்கள் நடக்க மட்டுமே முடிந்தது, அந்தப் போட்டியும் போயிற்று. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

கேள்வி: மழையாலும் காய்ச்சலாலும் இரண்டு ஞாயிறுகள் தவறிவிட்டன. சேர்த்து ஓடட்டுமா?

வேண்டாம். காய்ச்சல் முழுவதும் விட்டபின், கடைசியாக ஓடிய தூரத்தில் முக்கால் பங்கில் தொடங்குங்கள். மழை மட்டும் என்றால், இடி மின்னல் இல்லாதபோது, தேங்கிய நீர் இல்லாத சாலையில் ஓடலாம். விரல் இடுக்குகளிலும் தொடையிலும் வாசலின் தடவிக்கொள்ளுங்கள். நனைந்த காலுறையோடு மூன்று மணி நேரம் ஓடினால் கொப்புளம் நிச்சயம்.

கேள்வி: கடைசி மூன்று வாரங்களில் தூரத்தைக் குறைத்தால் பழக்கம் விட்டுப்போகாதா?

போகாது. அந்த நாள்களில் கால் கனப்பதும், இல்லாத வலி இருப்பதாகத் தோன்றுவதும் வழக்கம். தூரத்தைக் குறையுங்கள், ஓடும் நாள்களைக் குறைக்காதீர்கள். புதுக் காலணி வேண்டுமென்றால் இப்போதே வாங்கி, 28 கி.மீ. ஓட்டங்களில் ஒன்றையாவது அதில் ஓடிவிடுங்கள். அந்த மூன்று வாரங்களில் வாங்காதீர்கள்.