95 வெள்ளி ஒயின் நல்லதா, சுமாரா? எப்படிக் கண்டுபிடிப்பது?

செந்தூல் வாசகி ஒருவரின் கேள்வி: “கணவரின் மேலதிகாரி குடும்பத்தோடு விருந்துக்கு வருகிறார். முன்கூட்டியே ருசி பார்த்துவிடலாம் என்று பங்சாரில் 95 வெள்ளிக்கு ஷிராஸ் என்ற ஆஸ்திரேலியச் சிவப்பு ஒயின் வாங்கி, நேற்றிரவு திறந்தேன். தொண்டை எரிந்தது, வாய் வறண்டது. ஆட்டிறைச்சிப் பெரட்டலோடு குடித்தபோது இன்னும் மோசம். ஒயின் கெட்டதா, எனக்குத்தான் ருசி பார்க்கத் தெரியவில்லையா?”

உங்கள் நாக்கு சொன்னது சரிதான். ஆனால் ஒயின் கெட்டிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அது சூடாக இருந்திருக்கிறது.

சிவப்பு ஒயினை அறை வெப்பத்திலேயே பரிமாறலாம் என்பது ஐரோப்பிய வீடுகளை வைத்துச் சொன்னது. அங்கே அறை வெப்பம் 16 முதல் 18 டிகிரி. நம் கோலாலம்பூர் சமையலறையில் சாதாரணமாகவே 30 டிகிரி இருக்கும். அந்தச் சூட்டில் ஆல்கஹால் முந்திக்கொண்டு ஆவியாகி மூக்கில் ஏறும், தொண்டையைச் சுடும். பழத்தின் மணம் அதற்கு அடியில் அமுங்கிவிடும். ஆஸ்திரேலியாவின் பரோசா பள்ளத்தாக்கு ஷிராஸில் 14.5 விழுக்காடு ஆல்கஹால் இருப்பது சாதாரணம், அதனால் பாதிப்பு பளிச்சென்று தெரியும். பாட்டிலை ஃபிரிட்ஜில் ஒரு மணி நேரம் வையுங்கள். அவசரமென்றால் ஐஸும் தண்ணீரும் கலந்த வாளியில் பத்து நிமிடம் போதும். குளிர் மிஞ்சினாலும் தொல்லைதான், துவர்ப்பு தூக்கலாகிவிடும். அப்போது கிளாஸைக் கொஞ்ச நேரம் உள்ளங்கைக்குள் வைத்திருங்கள். இதைச் செய்யாமல் எந்தச் சிவப்பு ஒயினுக்கும் தீர்ப்பு சொல்லாதீர்கள்.

அடுத்து, உண்மையிலேயே கெட்டிருக்கிறதா என்று பாருங்கள். நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடித்தால் கார்க்கில் டிசிஏ என்ற வேதிப்பொருள் இருந்திருக்கிறது. உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் ஒயின் போய்விட்டது. கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கத் தயங்க வேண்டாம். திருகுமூடி பாட்டில்களில் இந்தச் சிக்கல் மிக அரிது. நம் ஊரில் நான் அதிகம் அஞ்சுவது வெயிலைத்தான். கார்க் கழுத்துக்கு மேலே துருத்திக்கொண்டு நின்றாலோ, மூடியைச் சுற்றிப் பிசுபிசுப்பாகக் கறை இருந்தாலோ, இளம் ஒயின் பழுப்பேறி, காய்ச்சிய பழக்கூழ் போல மணந்தாலோ அது எங்கோ வெந்திருக்கிறது. வாங்கிய பாட்டிலைக் கார் பூட்டில் போட்டுவிட்டு மதியம் முழுக்க வேறு வேலை பார்த்தாலும் இதே கதிதான்.

இவை எதுவும் இல்லையென்றால் ருசி பார்க்கலாம், ஆனால் சாப்பாடு இல்லாமல். கிளாஸில் 50 மில்லி ஊற்றிச் சுழற்றி மோந்து பாருங்கள். நல்ல ஷிராஸில் கரும்பழ வாசத்தோடு மிளகு வாசமும் வரலாம். அது கற்பனை இல்லை. ரோட்டன்டோன் என்ற அதே சேர்மம்தான் மிளகுக்கும் அந்த மணத்தைத் தருகிறது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இதை 2008இல் வெளியிட்டார்கள். அவர்கள் சோதித்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அது மணக்கவே இல்லை. உங்களுக்குத் தெரியாவிட்டாலும் கவலைப்பட வேண்டாம்.

வாயில் வைத்ததும் ஈறுகளைக் கவனியுங்கள். வாய் வறள்வது டானினால். திராட்சைத் தோலிலும் விதையிலும் இருந்து வரும் அது உமிழ்நீரின் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. அதிக நேரம் ஊறிய தேயிலைச் சாயம் பிடிப்பதைப் போல இதுவும் பிடிக்கும். பிடிப்பது குறையல்ல, பிறாண்டினால் குறை. புளிப்பு எச்சில் ஊறச் செய்ய வேண்டும், பல்லைக் கூசவைக்கக் கூடாது. பழம், புளிப்பு, துவர்ப்பு, ஆல்கஹால் இவற்றில் ஒன்று மட்டும் தனியாகத் துருத்தி நிற்காவிட்டால் சமநிலை இருக்கிறது என்று அர்த்தம்.

விழுங்கியபின் ருசி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று மனத்துக்குள் எண்ணுங்கள். என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும்விட நம்பகமான அளவுகோல் இதுதான். பிரெஞ்சுக்காரர்கள் இந்த ஒவ்வொரு வினாடியையும் ஒரு ‘கோடலி’ (caudalie) என்ற அலகாகக் கணக்கிடுகிறார்கள். 95 வெள்ளி ஒயினில் ஏழெட்டு வினாடி இனிமையாக நின்றால் கொடுத்த காசுக்குச் சரி. பத்தைத் தாண்டினால் அதே ஒயினில் இன்னும் இரண்டு வாங்கி வையுங்கள். எரிச்சலும் கசப்பும் மட்டும் நீண்டால் அது கணக்கில் சேராது.

விலையை வைத்து எடை போடாதீர்கள். அமெரிக்காவின் கால்டெக், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகங்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வொன்றில் ஒரே ஒயினை 10 டாலர், 90 டாலர் என்று சொல்லிக் கொடுத்தபோது, 90 டாலர் என்று சொன்னதே அதிகம் பிடித்திருந்தது. யாராவது பாட்டிலைச் செய்தித்தாளில் சுற்றி ஊற்றித் தரட்டும். ஆனாலும் இந்த நடுத்தர விலை வீண் என்று சொல்ல மாட்டேன். மலேசியாவில் ஒயினுக்கான கலால் வரி ஆல்கஹாலின் அளவைப் பொறுத்தது. ஒரே வீரியமுள்ள 45 வெள்ளி பாட்டிலுக்கும் 95 வெள்ளி பாட்டிலுக்கும் அந்த வரி ஒன்றுதான். மலிவான பாட்டிலில் ஒயினுக்கென்று மிஞ்சுவது கொஞ்சமே. லேபிளில் உள்ள ‘ரிசர்வ்’ என்ற சொல்லுக்கு ஆஸ்திரேலியாவில் சட்டப்படி எந்தப் பொருளும் கிடையாது. ஸ்பெயினின் ரியோஹா சிவப்பு ஒயினில் ‘ரிசெர்வா’ என்றால் மூன்று ஆண்டு முதிர்ச்சி, அதில் ஓராண்டாவது ஓக் பீப்பாயில்.

பெரட்டலோடு ஏன் மோசமானது? மிளகாயின் காரத்தை உணரும் அதே நரம்பு முனைகளை ஆல்கஹாலும் தூண்டுகிறது. இரண்டும் சேர்ந்தால் எரிச்சல் கூடும், துவர்ப்பும் முரடாகத் தெரியும். விருந்தில் பெரட்டல்தான் நாயகன் என்றால் போஜலே போன்ற, துவர்ப்பும் வீரியமும் குறைந்த பிரெஞ்சு ஒயினை 14 டிகிரிக்குக் குளிர்வித்துக் கொடுங்கள். ஷிராஸ்தான் வேண்டுமென்றால் உப்பும் மிளகும் மட்டும் போட்டுச் சுட்ட ஆட்டு விலாத்துண்டு சமையுங்கள். இறைச்சியின் கொழுப்பும் புரதமும் டானினை அடக்கிவிடும்.

நேற்றைய பாட்டிலில் மீதி இருந்தால் கொட்டிவிடாதீர்கள். இறுக மூடி ஃபிரிட்ஜில் வைத்து, இன்றிரவு வெளியே எடுத்து, 17 டிகிரி அளவுக்கு வந்ததும் வெறும் வாயில் குடித்துப் பாருங்கள். பழம் இன்னும் உயிரோடு இருந்தால் விருந்துக்கு அதையே இன்னொன்று வாங்கலாம். சப்பென்று புளித்திருந்தால் வேறு பாட்டில் தேடுங்கள்.