எம்.பி.யின் மகள் செய்தியா? ஊடகம் படிக்க விரும்பும் பிள்ளையின் அம்மாவுக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

வெள்ளவத்தையிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. மகள் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, பெறுபேறு வரும்வரை ஓர் இணையச் செய்தித் தளத்தில் பயிற்சிக்குப் போயிருக்கிறாள். அங்கே ஒரு பாராளுமன்ற உறுப்பினரின் மகள் காலிமுகத்திடலில் ஓர் இளைஞனோடு நிற்கும் படத்தைக் கொடுத்து, "யார் இந்தப் பையன்?" என்று தலைப்புப் போட்டு நாலு வரி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அவள் மாட்டேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து அழுதிருக்கிறாள். இப்படி மெல்லிய மனதுள்ளவள் ஊடகத்துறையில் எப்படிப் பிழைப்பாள், சீமா (CIMA என்ற முகாமைக் கணக்கியல் தகைமை) படிக்கட்டும் என்கிறார் அவளுடைய அப்பா. உங்களுக்கு எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியவில்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த நாலு வரியை எழுத மறுத்த பிள்ளைக்கு இந்தத் துறை நன்றாகப் பொருந்தும். செய்தி எழுதப் பழக்கிவிடலாம். எதை எழுதக் கூடாது என்று உறுத்துகிற மனதைக் கொண்டுவருவதுதான் கஷ்டம், அது அவளிடம் இருக்கிறது. குறை ஒன்றுதான். ஏன் எழுத மாட்டாய் என்று பொறுப்பாசிரியர் கேட்டபோது "அது சரியில்லை" என்பதற்கு மேல் அவளால் சொல்ல முடியவில்லை. அந்த "ஏன்"னுக்குப் பதில் சொல்லத்தான் படிக்க வேண்டும்.

அந்தப் பெண் தேர்தலில் நிற்கவில்லை. யாரிடமும் வாக்குக் கேட்கவில்லை. அவள் யாரோடு கடற்கரையில் நின்றாள் என்பதால் அவளுடைய தகப்பன் பாராளுமன்றத்தில் செய்கிற வேலையில் எதுவும் மாறப்போவதில்லை. கொழும்பில் எங்கள் தமிழ் வட்டம் எவ்வளவு சிறியது என்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் படம் காலையில் வந்தால் மத்தியானத்துக்குள் கோயிலிலும் டியூஷன் வகுப்பிலும் கல்யாண வீட்டிலும் அவளுடைய பெயர் அடிபடும். அரசியல்வாதிக்கு அடுத்த தேர்தல் வரும், அந்தப் பிள்ளைக்கு இதைக் கழுவ ஒரு வழியும் இல்லை.

ஆனால் அதே பெண்ணைத் தகப்பன் தன் அமைச்சில் சம்பளத்துக்கு நியமித்திருந்தால், அல்லது அமைச்சின் வாகனத்தில்தான் அவள் காலிமுகத்திடலுக்கு வந்திருந்தால், அது செய்திதான். அப்போதும் எழுத வேண்டியது நியமனத்தைப் பற்றி, வாகனத்தைப் பற்றி, எரிபொருளுக்கு யார் காசு கொடுத்தது என்பதைப் பற்றி. அந்தப் பையன் அப்போதும் செய்தியில் வரக் கூடாது. பதவியையும் மக்கள் பணத்தையும் தொடுகிற இடம் வரைக்கும் போகலாம், அதற்கு அங்கால் கால் வைக்கக் கூடாது. அரசியலுக்கு வந்தவருக்குச் சாதாரண ஆளைவிட அந்தரங்கம் குறைவு, அடியோடு இல்லை என்று ஆகிவிடாது.

எல்லா இடத்திலும் கோடு இவ்வளவு தெளிவாக இருக்காது என்பதையும் மகள் தெரிந்திருக்க வேண்டும். பிரான்ஸ் ஜனாதிபதியாக இருந்த பிரான்சுவா மித்தராண்டைப் பற்றி அவளைத் தேடி வாசிக்கச் சொல்லுங்கள். அவருக்கு இரண்டு இரகசியங்கள். 1981இல் பதவிக்கு வந்த அதே ஆண்டிலேயே புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. என் உடல்நிலையை மக்களுக்கு ஒழுங்காக அறிவிப்பேன் என்று வாக்குக் கொடுத்திருந்தவர், 1992 வரை அதை மறைத்தார். வெளியான மருத்துவ அறிக்கைகளில் நோயைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இரண்டாவது, திருமணத்துக்கு வெளியே பிறந்த மகள். பத்திரிகையாளர் பலருக்கு அது தெரிந்திருந்தும், 1994இல் ஒரு சஞ்சிகை படம் போடும்வரை பெரும்பாலும் யாரும் எழுதவில்லை. நோய் நாட்டை ஆளுகிற தகுதியைப் பற்றியது, அதில் மக்களுக்கு உரிமை உண்டு என்பது என் எண்ணம். மகள் விஷயம் குடும்பத்துக்குள் இருக்க வேண்டியது. ஆனால் அந்தப் பிள்ளையும் தாயும் அரசாங்கத்துக்குச் சொந்தமான வீட்டில், அரச பாதுகாப்போடு இருந்தார்கள் என்று தெரியவரும்போது என்ன செய்வது? இதைப் பற்றி உங்கள் மகள் வீட்டில் அப்பாவோடு வாதாடிப் பார்க்கட்டும். ஒரு பாடவேளை வகுப்புக்குச் சமம்.

தமிழ்நாட்டு வழக்கு ஒன்றும் இருக்கிறது. நக்கீரன் சஞ்சிகை, கொலை வழக்கில் மரண தண்டனை பெற்ற ஆட்டோ சங்கரின் சுயசரிதையை வெளியிடப் போனபோது அதிகாரிகள் தடுக்கப் பார்த்தார்கள். 1994இல் இந்திய உச்ச நீதிமன்றம், வெளிவரும் முன்னரே தடுக்க அரசுக்கு அதிகாரம் இல்லை என்றது. பொது ஆவணங்களில் உள்ளதை எழுதலாம். அதற்கு அப்பால் ஒருவருடைய குடும்பம், திருமணம், பிள்ளைகள் பற்றி அவருடைய சம்மதமின்றி எழுதினால் எழுதியவர்தான் பொறுப்பு என்றும் சொன்னது. ஊடகமும் சட்டமும் சேரும் இடத்தை இவ்வளவு நேராகக் காட்டும் தீர்ப்பு அதிகம் இல்லை.

இனி எங்கள் நாட்டுக்கு வருவோம். எங்கள் அரசியலமைப்பில் அந்தரங்கம் தனியான அடிப்படை உரிமையாக எழுதப்படவில்லை. குற்றவியல் அவதூறுச் சட்டம் 2002இல் நீக்கப்பட்டது. இப்போது ஒருவர் நட்டஈடு கேட்டு சிவில் வழக்குப் போடலாம். பத்திரிகை ஆசிரியர் சங்கத்தின் ஒழுக்கக் கோவை, தனிப்பட்ட வாழ்வுக்குள் நுழைய வேண்டுமானால் அதைவிடப் பெரிய பொது நலன் இருக்க வேண்டும் என்கிறது. மீறினால் பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழுவுக்குப் போகலாம். பத்திரிகைகளுக்காவது இது இருக்கிறது. எத்தனையோ இணையத் தளங்கள் எந்தக் கோவைக்கும் கட்டுப்படாமல் நடக்கின்றன. மகள் போன இடமும் அப்படியானதாகத்தான் தெரிகிறது. பயிற்சியை அங்கே தொடர வேண்டாம்.

அரசியல்வாதிகளின் சொத்து விவரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர்கள் சொத்துப் பிரகடனம் கொடுத்தாலும், அதைப் பத்திரிகையில் போட முடியாதபடி இரகசியக் காப்பு இருந்தது. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் வந்த பிறகு, கணக்கு எண் போன்ற தனிப்பட்ட விவரங்களை மறைத்துவிட்டு மிச்சத்தை மக்கள் பார்க்கலாம். எது மக்களுக்கு, எது வீட்டுக்கு என்று ஒரே தாளில் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். மனைவி, பிள்ளைகளின் சொத்தும் அதில் வருகிறது. காரணம் உங்களுக்கே விளங்கும்.

மகளுக்கு ஒரு வீட்டுவேலை தருகிறேன். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், கொழும்பு மாநகர சபைக்குத் தமிழிலேயே ஒரு விண்ணப்பம் எழுதட்டும். உங்கள் வட்டாரத்தில் ஒரு வீதி திருத்திய செலவைக் கேட்கலாம். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். எழுத உட்கார்ந்தால், எந்தக் கேள்வி பதவியைப் பற்றியது, எது ஆளைப் பற்றியது என்று கை தானாகவே பிரிக்கத் தொடங்கும். தனிப்பட்ட தகவல் என்று எப்போது மறுக்கலாம், பொது நலனுக்காக எப்போது கொடுக்கலாம் என்பதும் அதே சட்டத்தில் 5ஆம் பிரிவில் இருக்கிறது.

படிப்பு விஷயம் சுருக்கமாக. பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசெட் புள்ளி கைகொடுத்தால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கை இருக்கிறது. கொழும்பை விட்டுப் போக முடியாதென்றால் இலங்கை இதழியல் கல்லூரியின் டிப்ளோமாவைப் பாருங்கள். எங்கே சேர்ந்தாலும் பாடத்திட்டத்தை வாங்கி, ஊடகச் சட்டமும் ஒழுக்கமும் எத்தனை மணித்தியாலம் என்று பாருங்கள். கமெராவும் எடிட்டிங்கும் மட்டும் சொல்லித்தரும் இடத்துக்குக் காசு கட்டாதீர்கள். பிறகு நாவலையில் திறந்த பல்கலைக்கழகத்தில் சட்டமும் படிக்கலாம். சிங்களத்தை நன்றாகப் பழகச் சொல்லுங்கள்; ஆவணங்களில் பெரும்பங்கு அதில்தான் வரும்.

மகளின் உயிருக்கு ஆபத்து வருமோ என்று நீங்கள் கடிதத்தின் கடைசியில் எழுதிய பயத்தைத் தட்டிக்கழிக்க மாட்டேன். 2000இல் யாழ்ப்பாணத்தில் நிமலராஜன், 2005இல் பம்பலப்பிட்டியில் கடத்தப்பட்ட சிவராம், 2009இல் லசந்த விக்கிரமதுங்க: மூவரும் கொல்லப்பட்ட ஊடகவியலாளர்கள். உங்கள் வயதில் உள்ள எந்தத் தமிழ்த் தாயும் இதை மறக்க முடியாது. ஊடகவியலாளர்களுக்கு மிரட்டல் இல்லாத நாடு என்று இதை நான் சொல்லப் போவதில்லை. கள அரசியல் செய்திக்குப் போவதா, எப்போது போவது என்பதை அவளும் நீங்களும் பின்னர் பேசி முடிவெடுக்கலாம். பிரதி திருத்துதல், செய்தி சரிபார்ப்பு, மொழிபெயர்ப்பு, பாராளுமன்ற உரைகளைப் பதிவுசெய்யும் ஹன்சாட் என்று இதே படிப்புக்கு வேறு கதவுகளும் உண்டு.

அப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள். சீமா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கணக்காய்வாளர் தலைமை அதிபதியின் அறிக்கையை எடுத்து, எந்தப் பக்கத்தில் காசு காணாமல் போனது என்று கண்டுபிடிக்கத் தெரிந்த நிருபர்கள் தமிழில் மிகக் குறைவு. டிப்ளோமா படிக்கும்போதே மாலை வகுப்பில் கணக்கியலின் முதல் கட்டத்தை அவள் முடிக்கட்டும். பெறுபேறு வந்ததும் மூன்று பேருமாக வாருங்கள், மாநகர சபைக்குப் போட்ட விண்ணப்பத்தின் பிரதியையும் அவள் கொண்டுவரட்டும்.