அலுவலக அரசியலில் சிக்காமல், வேலை பழக்கித் தருகிற ஒருவரைக் கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி: திருகோணமலையில் ஒரு அரச அலுவலகத்தில் முகாமைத்துவ சேவை உத்தியோகத்தராகச் சேர்ந்து சில மாதங்கள். ஆளுக்கொரு பக்கம் நிற்கிறார்கள். யாரையும் பகைக்காமல் வேலை சொல்லித் தருகிற ஒரு மூத்தவரை எப்படித் தேடுவது?

பதில்:

பெரிய ஆளைத் தேடிப் போகாதீர்கள். புதிதாக வருகிறவர்கள் முதலில் பார்ப்பது, மேலதிகாரியின் அறைக்குள் தட்டாமல் போய்வருகிறவர் யார் என்பதைத்தான். அவருக்குப் பந்தம் பிடித்தால் நல்ல விடயம் (ஒருவருக்கு ஒதுக்கப்படும் வேலைப் பொறுப்பு) கிடைக்கும், இடமாற்றம் வராது என்று கணக்குப் போடுகிறார்கள். வருட இடமாற்றப் பட்டியல் ஜனவரி 1 இல் நடைமுறைக்கு வருகிறபோது அந்தப் பெரிய ஆளே கந்தளாய்க்கோ மூதூருக்கோ போய்விடுவார். 'இன்னாரின் ஆள்' என்ற பெயர் மட்டும் உங்களோடு மிஞ்சும். உங்களுக்குத் தேவை கோவை, அதாவது ஃபைல், தெரிந்தவர். எதில் கையெழுத்து வைக்கலாம், எதில் வைக்கக் கூடாது என்று சொல்லித் தருகிறவர்.

அவரைக் கண்டுபிடிக்க யாரிடமும் விசாரிக்கத் தேவையில்லை, விசாரித்தால் அதுவே ஒரு கதையாகிவிடும். உங்கள் விடயத்தின் பழைய கோவைகளில் ஐந்தாறை எடுத்துக் குறிப்புத் தாள்களை மட்டும் வாசியுங்கள். யார் எழுதிய குறிப்பு மேலே போய்க் கேள்வி எதுவும் இல்லாமல் ஒப்பமாகித் திரும்பியிருக்கிறது, யாருடையது 'கலந்துரையாடுக' என்று மூன்று தரம் கீழே வந்திருக்கிறது என்று பாருங்கள். அநேகமான கோவைகளில் காண்பது இந்த ஒற்றை வரிதான்: 'தங்கள் மேலான பார்வைக்கும் நடவடிக்கைக்குமாகச் சமர்ப்பிக்கின்றேன்.' முடிவெடுக்கிற பாரத்தை அப்படியே மேலே தள்ளிவிடுகிற வரி அது.

வேலை தெரிந்தவர் எழுதுவது வேறு மாதிரி இருக்கும்: 'பக்கம் 14 இல் உள்ள கோரிக்கை தொடர்பானது. நியமனக் கடிதம் பக்கம் 3 இல். பக்கம் 9 இல் கேட்கப்பட்ட சான்றிதழ் இன்னும் கிடைக்கவில்லை. அது கிடைத்ததும் பக்கம் 11 இலுள்ள சுற்றறிக்கையின்படி அனுமதிக்கலாம். கடித வரைவு பக்கம் 15 இல், ஒப்பத்துக்காக.' வாசிக்கிறவர் கோவையைப் புரட்டத் தேவையே இல்லை. இப்படி எழுதுகிற ஒருவர் எந்த அலுவலகத்திலும் இருப்பார். பெரும்பாலும் பதவியில் பெரியவராக இருக்கமாட்டார், ஜன்னலோரத்தில் ஒரு பழைய மேசையில் இருப்பார். பதவி உயர்வில் தவறவிடப்பட்ட மனத்தாங்கலும் சிலருக்கு இருக்கும். வேலையை மட்டும் படியுங்கள், அந்தக் கசப்பை வாங்கி வராதீர்கள்.

ஆளைக் கண்டதும் போய் 'எனக்கு வழிகாட்டியாக இருங்கள்' என்று கேட்டுவிடாதீர்கள். நம்மூரில் அப்படிக் கேட்டால் ஒன்று கூச்சப்படுவார், இல்லாவிட்டால் 'இவர் எதற்கு அடிபோடுகிறார்' என்று யோசிப்பார். ஒரு சின்ன வேலையோடு போங்கள். ஒரு குறிப்பை நீங்களே எழுதிக்கொண்டு போய், 'அண்ணன், இப்பிடி எழுதியிருக்கிறன், மேல போனா என்ன கேள்வி வரும் எண்டு ஒருக்காப் பாப்பீங்களோ?' என்று கேளுங்கள். வெறுங்கையோடு போய் 'இது எப்படிச் செய்வது' என்று கேட்பவருக்கு ஒருதரம் சொல்லிக் கொடுப்பார்கள், இரண்டாம் தரம் அலுத்துக்கொள்வார்கள். எழுதிக்கொண்டு வருகிறவருக்குத் திருத்திக் கொடுப்பது எவருக்கும் கொஞ்சம் பெருமையான வேலை. அவர் திருத்தியதை அடுத்த குறிப்பில் பின்பற்றியிருக்கிறீர்கள் என்று கண்டால் மூன்றாவது தரம் அவரே கூப்பிட்டுச் சொல்லுவார்.

முதல் இரண்டு மூன்று சந்திப்பில் நீங்களும் அவரை அளந்து பாருங்கள். சந்தேகமான இடத்தில் அவர் சுற்றறிக்கையை எடுத்துப் பார்க்கிறாரா, 'நாங்க எப்பவும் இப்பிடித்தான் செய்யிற' என்கிறாரா? இரண்டாவது ரகம் ஆபத்து. கணக்காய்வு ஐயவினா (கணக்குகளைச் சரிபார்ப்பவர்கள் விளக்கம் கேட்டு அனுப்புகிற கேள்வி) வருகிற அன்றைக்கு அந்த 'எப்பவும்' உங்களுக்குத் துணைக்கு வராது. அடுத்தது, அங்கே இல்லாத ஆளைப் பற்றி என்ன பேசுகிறார் என்று கேளுங்கள். மற்றவரின் சுயவிபரக் கோவையில் உள்ளதை உங்களிடம் சொல்லுகிறவர் உங்களுடையதை இன்னொருவரிடம் சொல்லுவார்.

நேரமும் முக்கியம். 8.30 க்கு விரலடையாளம் வைத்ததும் போகாதீர்கள், தபால் வந்து விழுகிற நேரம். பொதுமக்கள் தினத்திலும் வேண்டாம். பின்னேரம் 3 மணிக்குப் பிறகு, 4.15 க்குப் பஸ் பிடிக்கிற அவசரம் தொடங்கும் முன், ஒரு பத்து நிமிடம் போதும். கணக்குக் கிளைக்காரர் என்றால் சம்பளப் பட்டியல் தயாரிக்கிற நாட்களைத் தவிருங்கள். நிதியாண்டு டிசம்பர் 31 இல் முடிவதால் டிசம்பர் மாதத்தில் அந்தப் பக்கம் தலைகாட்டாமல் இருப்பதே உதவி.

அழைக்கும் முறையை அங்குள்ளவர்களைப் பார்த்தே பிடித்துக்கொள்ளுங்கள். பதவிநிலை உத்தியோகத்தர் சேர் அல்லது மேடம், சக உத்தியோகத்தர் அண்ணன், அக்கா. முஸ்லிம் சகோதரர்களை நானா என்றும் மூத்த முஸ்லிம் பெண்களைத் தாத்தா (அக்கா என்ற பொருளில்) என்றும் மற்றவர்கள் அழைக்கிற கிளையில் நீங்களும் அப்படியே அழைக்கலாம். ஆனால் கூட்டத்தில், மேலதிகாரி முன்னால், உறவு முறை வேண்டாம். அங்கே 'நானா' என்றால் நெருக்கம் எவ்வளவு என்று எல்லோரும் கணக்கெடுத்துவிடுவார்கள்.

இப்போது பலர் கோட்டை விடுகிற இடத்துக்கு வருகிறேன்: உங்கள் நேரடி மேற்பார்வையாளர். சம்பள ஏற்றப் படிவத்துக்குப் பரிந்துரை எழுதுபவரும், 3 வருடத் தகுதிகாண் காலம் முடிய நியமனத்தை உறுதிப்படுத்தச் சொல்லி எழுதுபவரும் அவர்தான். அவரையே ஆசானாக வைத்துக்கொள்ள வேண்டாம். உங்களுக்குத் தெரியாதவை அத்தனையும் மதிப்பீடு செய்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டுமென்று அவசியமில்லை. ஆனால் அவருக்குத் தெரியாமல் பக்கத்துக் கிளையில் போய் இருந்தால் 'என்னட்டக் கேக்காம அங்க என்ன?' என்பது நிச்சயம் வரும். ஆகவே முந்திக்கொண்டு சொல்லுங்கள்: 'சேர், வவுச்சர் திரும்பித் திரும்பி வருது, கணக்குக் கிளையில அந்த அக்காட்டக் கேட்டுப் பழகுறன், பரவாயில்லையோ?' வேண்டாம் என்று சொல்கிறவர் மிகக் குறைவு. சொல்லிவிட்டால் அது கற்றல், சொல்லாவிட்டால் அது அணி சேர்தல். வித்தியாசம் அந்த ஒரு வாக்கியத்தில்தான்.

அந்த மூத்தவரிடம் எதைப் படிப்பது? மூன்று இடங்களில் புதியவர்கள் மாட்டுகிறார்கள். அவற்றை முதலில் கேளுங்கள்.

முதலாவது, விடயம் பொறுப்பேற்பது. மாற்றலாகிப் போகிறவர் அவசரத்தில் நிற்பார், பொருட் பதிவேட்டை நீட்டி 'எல்லாம் இருக்கு, சைன் பண்ணுங்க' என்பார். எண்ணாமல் வைக்காதீர்கள். பதிவேட்டில் ஐந்து மேசை விசிறி, அறையில் மூன்று என்றால், கையெழுத்து வைத்த நிமிடத்திலிருந்து மற்ற இரண்டும் உங்கள் கடன். நட்டம் பற்றி நிதிப் பிரமாணத்தின்படி (அரச பணம், பொருட்களைக் கையாளும் விதிகள்) விசாரணை வரும்போது போனவர் சிரித்துக்கொண்டு வேறு மாவட்டத்தில் இருப்பார். எண்ணிப் பார்த்து, குறைவதைப் பட்டியலிலேயே எழுதி, இருவரும் ஒப்பமிட்டு, பிரதியொன்றை வைத்துக்கொள்ளுங்கள். முடிக்கப்படாத கோவைகளுக்கும் தனிப் பட்டியல் வாங்குங்கள்.

இரண்டாவது, முற்பணம். விழா, நடமாடும் சேவை, பயிற்சிப் பட்டறை என்று வரும்போது நிதிப் பிரமாணம் 371 இன் கீழ் ஒருவரின் பெயரில் முற்பணம் எடுப்பார்கள். வேலை முடிந்ததும் உடனே தீர்க்க வேண்டிய பணம் அது. மூத்தவர்கள் நழுவ, 'புதுசா வந்த தம்பிக்குக் குடுங்க, பழகட்டும்' என்று உங்கள் தலையில் கட்டுவது வழமை. செலவைத் தீர்மானிப்பவர்கள் வேறு, பற்றுச்சீட்டுக்கு அலைபவர் நீங்கள். முற்பணத்தை எடுக்கவே கூடாது என்பதில்லை. எடுக்கும் முன் செலவு மதிப்பீட்டுக்கு எழுத்தில் அனுமதி இருக்கிறதா, சாப்பாட்டுக் கடைக்காரர் முறையான பற்றுச்சீட்டு தருவாரா, மிச்சப் பணத்தை எந்த நாளில் திருப்பிக் கட்டுவது என்ற மூன்றையும் அந்த மூத்தவரிடம் கேட்டுக்கொண்டு எடுங்கள்.

மூன்றாவது, வாய்மொழி உத்தரவு. 'இதைப் போட்டு விடுங்க, நான் பாத்துக்கிறன்' என்பார் மேலே உள்ளவர். மறுத்தால் பகை, செய்தால் பயம். நல்ல மூத்தவர்கள் சொல்லித் தருகிற வழி, செய்வதற்கு முன் அதே கோவையில் 'இன்று தங்களால் வழங்கப்பட்ட வாய்மொழி அறிவுறுத்தலின்படி கடித வரைவு சமர்ப்பிக்கப்படுகிறது' என்று திகதியோடு எழுதி மேலே அனுப்புவது. சொன்னவர் ஒப்பமிட்டால் நல்லது. கோவையை ஒப்பமிடாமல் திருப்பினால் அந்த வேலை செய்யக் கூடாத வேலை என்று நீங்கள் கேட்காமலே தெரிந்துவிடும். யாரோடும் சண்டையில்லை.

இவற்றையெல்லாம் அவர் சொல்லச் சொல்லத் தாபன விதிக்கோவையையும் (அரச ஊழியரின் சேவை விதிகள்) நிதிப் பிரமாணத்தையும் பக்கத்தில் விரித்து வாசியுங்கள். முதலாம் வினைத்திறன் காண் தடைப் பரீட்சையையும் (ஈ.பி. பரீட்சை) அந்த 3 வருடத்துக்குள்தான் முடிக்க வேண்டும்.

திருகோணமலையில் இருப்பதால் வருகிற ஒரு குழப்பத்தையும் சொல்ல வேண்டும். இங்கே இரண்டு நிர்வாகங்கள் பக்கத்துப் பக்கத்தில் இயங்குகின்றன. கச்சேரியும் (மாவட்ட செயலகம்) 11 பிரதேச செயலகங்களும் மத்திய அரசைச் சேர்ந்தவை. அங்குள்ள முகாமைத்துவ சேவையாளரின் இடமாற்றம் கொழும்பில் இணைந்த சேவைகள் பணிப்பாளர் நாயகத்தின் கையில். மாகாண சபைத் திணைக்களங்களில் உள்ளவர்கள் மாகாண அரச சேவை, அவர்களுக்கு மாகாணத்திலேயே தனி ஆணைக்குழு. 2017 இல் சபையின் காலம் முடிந்தபின் ஆளுநரின் கீழ் நடப்பதால் அங்கே செல்வாக்கு ஓடுகிற வாய்க்காலும் வேறு. மாகாணத்தில் இருபது வருடம் இருந்தவர் கச்சேரிக்காரருக்கு இடமாற்றத்தில் ஆலோசனை சொன்னால், நல்ல மனதோடு தவறான வழியைக் காட்டுவார். குறிப்பு எழுதப் பழக யாரும் உதவுவார்கள். இடமாற்றம், பதவி உயர்வு பற்றி மட்டும் உங்கள் சேவைக்குள் இருப்பவரிடமே கேளுங்கள்.

ஊரும் மொழியும் இங்கே அரசியலின் பாதி. யாழ்ப்பாணத்தார், மட்டக்களப்பார், டவுன் ஆட்கள், கிண்ணியா பஸ், மூதூர் பஸ் என்று தேநீர் மேசை தானாகப் பிரியும். உங்கள் ஊர் மேசையில் இருப்பதில் தவறில்லை, ஆனால் வேலை படிக்கிற ஆள் வேறு மேசையாக இருந்தால் உங்களை ஒரு பெட்டிக்குள் அடைப்பது கடினம். சிங்களம் தெரிந்த ஒருவரோடு கொடுக்கல் வாங்கல் ஒன்றை ஏற்படுத்துங்கள். அவருக்கு வருகிற தமிழ்க் கடிதத்தை நீங்கள் வாசித்துச் சொல்லுங்கள், தமிழாக்கம் வரமுன் கையில் கிடைக்கிற சிங்களச் சுற்றறிக்கையை அவர் உங்களுக்குச் சொல்லட்டும். பஸ்ஸில் அலுவலகக் கதை வேண்டவே வேண்டாம். முன் சீற்றில் யாருடைய மச்சான் இருக்கிறார் என்று தெரியாது.

பெண் உத்தியோகத்தர்களுக்கு ஒரு வார்த்தை. ஆண் மூத்தவரிடம் படிப்பதில் பிழையில்லை, கதை கட்டுகிறவர்களுக்குத் தீனி போடாமல் இருந்தால் சரி. திறந்த மண்டபத்தில், மேசையில் கோவையை விரித்து வைத்துக் கேளுங்கள். பின்னேர நேர வட்ஸ்அப் அரட்டையாக அது மாறினால், 'நாளைக்குக் கந்தோர்ல கேக்கிறன் அண்ணன்' என்று நிறுத்திவிடுங்கள். அதற்கும் நிற்காதவர் சொல்லித் தருகிறவர் அல்ல.

உறவு கெடுகிற இடம் பெரும்பாலும் வேலை அல்ல, காசு. கொஞ்ச நாளில் 'ஒரு பிணைக் கையெழுத்து மட்டும்' என்று இடர் கடன் படிவமோ வங்கிப் படிவமோ வரும். அவர் கட்டாவிட்டால் கழிபடுவது உங்கள் சம்பளம். 'வீட்டில ஏற்கெனவே ஒருத்தருக்கு ஒப்புக்கொண்டிட்டன்' என்பது ஊரில் எல்லோருக்கும் புரிகிற மறுப்பு, ஆனால் உண்மையாக இருந்தால் மட்டும் சொல்லுங்கள். இல்லாவிட்டால் 'பிணை நிக்கிறதில்ல எண்டு முடிவெடுத்திருக்கிறன்' என்று முதல் ஆளுக்கே சொல்லி, பிறகு எவருக்கும் விலக்குக் கொடுக்காதீர்கள். நலன்புரிச் சங்கச் சந்தாவும் பிரியாவிடைக் காசும் வேறு, அவற்றைத் தாராளமாகக் கொடுங்கள். சீட்டுக்குச் சேருவது உங்கள் விருப்பம்.

மொட்டைக் கடிதம் ஒன்று அலுவலகத்தில் வந்து விழுந்தால் அந்தக் கிழமை முழுக்க யாரிடமும் ஆலோசனை கேட்கப் போகாதீர்கள். எழுதியது யார் என்ற ஊகத்தில் எல்லோரும் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கொஞ்சம் அடங்கட்டும்.

அலுவலகத்துக்குள் ஆளே கிடைக்கவில்லை என்றால் ஓய்வு பெற்றவர்களைப் பாருங்கள். கட்டாய ஓய்வு வயது 60 ஆகக் குறைக்கப்பட்டபோது, 2022 டிசம்பர் 31 அன்று அனுபவக்காரர் பலர் ஒரேயடியாக வீட்டுக்குப் போனார்கள். வடக்குக் கிழக்கு ஒரே மாகாணமாக இருந்து திருகோணமலையில் தலைமையகம் நடந்த, 2006 வரையிலான காலத்தில் வேலை பழகியவர்களும் இவர்களில் உண்டு. குறிப்பு எழுதுவதில் அவர்களை வெல்ல ஆளில்லை. போட்டியும் இல்லை, பொறாமையும் இல்லை, நேரம் நிறைய இருக்கும். இரண்டு விஷயத்தில் மட்டும் கவனம். அவர்களுடைய சுற்றறிக்கை அறிவு ஓய்வு பெற்ற நாளோடு நின்றிருக்கலாம், இலக்கத்தைக் கேட்டு வாங்கிப் பின்னர் வந்த திருத்தம் இருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். மற்றது, கோவைப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பாதீர்கள், பெயர் சொல்லியும் கேட்காதீர்கள். 'ஒருவருக்கு நியமனத் திகதி இப்படி, சான்றிதழ் இப்படி வந்தால் என்ன செய்வது' என்று கேட்டாலே அவர்களுக்கு விளங்கிவிடும்.