தேக்குக் கப்பலுக்குத் தேக்கு வேண்டாம்: மரக்கப்பல் மாதிரி, வாசகர் கேள்வி-பதில்

மரத்தில் மாதிரிக் கப்பல் செய்வது பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த முறை பதில். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் ‘விக்டரி’ கப்பல் கிட் (பாகங்கள் அடங்கிய பெட்டி) ஒன்றை ஆன்லைனில் பார்த்து வைத்திருக்கிறேன். முதல் கப்பலாக அதையே எடுக்கலாமா?
- வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஆசை சரிதான் சார், வரிசைதான் மாற வேண்டும். விக்டரியில் 104 பீரங்கிகள், மூன்று பாய்மரங்கள். நிஜக் கப்பலில் ஓடிய கயிறு மட்டும் 26 மைல் என்பார்கள். கிட்டில் அதில் கொஞ்சம்தான் வரும் என்றாலும் ஒரே வேலையை நூறு தடவை செய்ய வேண்டியிருக்கும், அந்த வேலையே கைக்குப் பழகாதபோது நூறு பீரங்கி வண்டியும் ஒரே மாதிரி கோணலாகத்தான் வரும். பெரிய கிட்டுகள் பாதியில் பரண் ஏறுவது இதனால்தான்.

முதலில் ஒரு கிராண்ட் பேங்க்ஸ் டோரி செய்யுங்கள். அமெரிக்கக் கிழக்குக் கரை மீனவர்கள் காட் மீன் பிடிக்கக் கொண்டுபோன தட்டை அடிப் படகு அது, 1:24 அளவில் (நிஜத்தில் 24-இல் ஒரு பங்கு) கிட் கிடைக்கிறது, பக்கத்துக்குச் சில பலகைகள்தான். அடுத்து ஒற்றைப் பாய்மரம் உள்ள ‘கட்டர்’ வகைக் கப்பல் ஒன்று. அதில் பலகை வளைப்பதும் கயிறு கட்டுவதும் கைவந்துவிடும். அப்புறம் விக்டரிக்குப் போனால் பெட்டியைத் திறக்கும்போதே எது எங்கே போகும் என்று தெரியும்.

கேள்வி: என் மைத்துனர் மரக்கடை வைத்திருக்கிறார். தேக்குத் துண்டுகளை இலவசமாகத் தருகிறேன் என்கிறார். கப்பலுக்குத் தேக்குதானே நல்ல மரம்?
- வாசகர், மதுரை

பதில்: நன்றி சொல்லி வாங்கி வையுங்கள், கப்பலை நிறுத்தும் பீடத்துக்கு அருமையாக இருக்கும். கப்பலின் உடலுக்கு மட்டும் வேண்டாம்.

காரணம் மரத்தின் தரம் இல்லை, அளவு. தேக்கைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் துளைகள் வெறுங்கண்ணுக்கே தெரியும். நீளவாட்டில் அறுத்தால் அதே துளைகள் கோடு கோடாக ஓடும். 0.3 மி.மீ. அகலத்தில் ஒரு கோடு இருக்கிறது என்று வையுங்கள். 1:64 அளவு மாதிரியில் அது நிஜத்தில் 19 மி.மீ., அதாவது விரல் நுழையும் பிளவு. பலகைக்குப் பலகை அப்படி விரிசல் விட்ட கப்பல் எங்கே மிதக்கும்? பார்க்கிறவருக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது, ஆனால் ‘இது பொம்மை’ என்று கண் சொல்லிவிடும். எத்தனை நுணுக்கமான சாமான்களை மேலே ஒட்டினாலும் அதை மறைக்க முடியாது.

வெளிநாட்டில் இதற்கு பாக்ஸ்வுட், பேரி மரம், ஹாலி என்று தேடுவார்கள். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. மஞ்சள் கடம்பு நெருக்கமான, ஒரே சீரான இழை உள்ள மரம், நிறமும் இளமஞ்சள், உடல் பலகைக்குக் கச்சிதம். மேல்தளத்துக்கு வெளிர் நிறம் வேண்டுமென்றால் வெப்பாலை. சென்னபட்டணத்துப் பொம்மைகள் கடைவது இந்த மரத்தில்தான். கடைசல் பட்டறைகளில் கேட்டுப் பாருங்கள், அவர்கள் ஒதுக்கிப் போடும் துண்டே நமக்கு ஒரு கப்பலுக்குக் காணும். நன்றாகக் காய்ந்த மரமா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். பச்சை மரத்தில் அறுத்த பட்டை ஒட்டிய பிறகு சுருங்கி இடைவெளி விடும். அறுக்கும்போது முகக்கவசம் கட்டாயம், மெல்லிய தூள் நுரையீரலுக்கு ஆகாது.

தேக்குக் கப்பல் என்றதும் ‘டிரிங்கோமலி’ நினைவுக்கு வருகிறது. நம் திருகோணமலையின் பெயர் தாங்கிய பிரிட்டிஷ் போர்க்கப்பல், பம்பாயில் வாடியா குடும்பத்தார் கட்டி 1817-இல் நீரில் இறக்கியது. இங்கிலாந்தில் ஓக் மரத்துக்குத் தட்டுப்பாடு இருந்த காலம், அதனால் மலபார் தேக்கு. அதன் வரைபடங்களை முதலில் ஏற்றி அனுப்பிய ‘ஜாவா’ என்ற கப்பலை 1812 டிசம்பரில் அமெரிக்காவின் ‘கான்ஸ்டிடியூஷன்’ அடித்து வீழ்த்திவிட்டது, வரைபடமும் அதோடு போயிற்று. மறுபடி ஒரு செட் அனுப்பித்தான் கட்டினார்கள். வீழ்த்திய கான்ஸ்டிடியூஷன் பாஸ்டனில் இன்றும் மிதக்கிறது, டிரிங்கோமலி ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. இரண்டையும் ஒரே அளவில் செய்து பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை உண்டு. ஆனால் டிரிங்கோமலியைச் செய்தாலும் தேக்கில் செய்ய மாட்டேன்.

கேள்வி: பலகை ஒட்டிக்கொண்டே வரும்போது நடுவில் சரியாக இருக்கிறது, அணியத்துக்கு (முன்முனைக்கு) வந்ததும் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிறது. கடைசிப் பலகைகளை ஊசி முனையாகச் சீவித்தான் நுழைக்க வேண்டியிருக்கிறது. எங்கே தப்பு?
- வாசகர், சென்னை

பதில்: கிட்டில் வரும் பட்டையை வந்த அகலத்திலேயே ஒட்டுகிறீர்கள், அதுதான் தப்பு. கப்பலின் வயிறு அகலம், மூக்கு குறுகல். இரண்டு இடத்துக்கும் ஒரே அகலப் பலகை எப்படிப் பொருந்தும்?

ஒரு பட்டைகூட ஒட்டுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். ஒரு காகித நாடாவை எடுத்து, நடுவில் உள்ள மிக அகலமான வங்கின்மேல் (வங்கு என்பது கப்பலின் விலா எலும்பு போன்ற சட்டம்), மேல் விளிம்பிலிருந்து ஏரா வரை (அதான், அடிமரம் வரை) உடலோடு ஒட்டினாற்போல் வைத்து அளவு எடுங்கள். 120 மி.மீ. வருகிறது, உங்கள் பட்டை 5 மி.மீ. என்றால் 24 வரிசை. இப்போது அதே நாடாவை அணியத்தில் முதல் வங்கின்மேல் வையுங்கள். அங்கே 72 மி.மீ.தான் இருக்கிறது. 72-ஐ 24-ஆல் வகுத்தால் 3. ஆக ஒவ்வொரு பலகையும் நடுவில் 5, மூக்கில் 3. இடையில் உள்ள வங்குகளுக்கும் இதே மாதிரி வகுத்து, ஒவ்வொரு வங்கின் விளிம்பிலும் பென்சில் புள்ளி வைத்துவிடுங்கள். அந்தப் புள்ளிகளை மெல்லிய நூல் ஒன்றால் மூக்கிலிருந்து வால் வரை தொட்டுப் பார்த்தால் கோடு எங்கும் வெட்டிக்கொள்ளாமல் ஓட வேண்டும். எங்காவது மேடு தட்டினால் புள்ளியை நகர்த்துங்கள், கண் சொல்வதைக் கேளுங்கள்.

பலகை முனை பாதி அகலத்துக்குக் கீழே போகக் கூடாது. உங்கள் கணக்கில் 2.5-க்குக் கீழே வந்தால் இரண்டு வரிசையை முடித்து ஒரே பலகையாக்க வேண்டும், நிஜக் கப்பல் தச்சர்களும் அப்படித்தான் செய்தார்கள், ஆணி அடிக்க மரம் வேண்டுமே. பின்பக்கம் இதற்கு நேர்மாறு, அங்கே இடம் விரியும், இடையில் ஆப்பு மாதிரித் துண்டு சேர்க்க வேண்டிவரும். ஏராவை ஒட்டிய முதல் பலகையைப் பலரும் மூக்குவரை மேலே இழுத்துவிடுகிறார்கள். அது முன்பக்கத்தில் சீக்கிரமே முடிந்துவிட வேண்டும். அந்த ஒன்று மேலே ஏறினால் மற்ற எல்லாவற்றையும் நெருக்கித் தள்ளும்.

வளைக்கும்போது பட்டையை வெந்நீரில் கொஞ்ச நேரம் ஊறப்போட்டு, சூடான சால்டரிங் அயர்ன் தண்டின்மேல் மெதுவாக இழுங்கள். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி ஒட்டுங்கள், இல்லாவிட்டால் ஏராவே முறுக்கிக்கொள்ளும், அதை அப்புறம் நிமிர்த்த முடியாது.

கேள்வி: ஃபெவிகாலா, ஃபெவிக்விக்கா?
- வாசகர், ஈரோடு

பதில்: மரத்தோடு மரம் ஒட்ட ஃபெவிகால். நகர்த்திச் சரிசெய்ய நேரம் தரும், தப்பானால் ஈரம் காட்டிப் பிரிக்கலாம். ஃபெவிக்விக் உலோகச் சாமான்களுக்கு. அது பலகைமேல் வழிந்த இடத்தில் சாயம் ஏறாது, வார்னிஷ் அடித்ததும் திட்டுத் திட்டாகக் காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: கேப்டன் குக்கின் ‘எண்டெவர்’ கப்பலைச் செய்கிறேன். அடிப்பகுதிக்குச் செம்புத் தகடு ஒட்டினால் அழகாக இருக்கும் என்று நண்பர் சொல்கிறார்.
- வாசகர், புதுச்சேரி

பதில்: அழகாக இருக்கும், ஆனால் அது எண்டெவர் இல்லை. மரத்தைத் துளைக்கும் கப்பல் புழுவுக்கு எதிராகப் பிரிட்டிஷ் கடற்படை 1761-இல் ‘அலார்ம்’ என்ற கப்பலில் செம்பைச் சோதித்துப் பார்த்தது. செம்பும் கடல்நீரும் சேர்ந்து இரும்பு ஆணிகளை அரித்துவிட்டதால் அந்தச் சிக்கல் தீர வருஷங்கள் ஆயிற்று, 1780 வாக்கில்தான் கடற்படை முழுவதும் செம்பு பரவியது. விக்டரிக்கும் அந்த வருஷம்தான். கேப்டன் குக் எண்டெவரில் கிளம்பியது 1768. அதன் அடியில் இன்னொரு அடுக்கு மரப்பலகை போட்டு, அகலத் தலை ஆணிகளை நெருக்கமாக அடித்திருந்தார்கள். செம்பைவிட வெளிர்பூச்சு அடித்த மரமே அதற்குச் சரி.

பிற்காலக் கப்பல் செய்கிறவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நிஜத் தகடு 4 அடிக்கு 14 அங்குலம், 1:72-இல் 17-க்கு 5 மி.மீ. சில கிட் தகடுகளில் ஆணித்தலை என்று அரை மி.மீ. புடைப்பு வைத்திருப்பார்கள். நிஜ அளவில் அது 36 மி.மீ. உயரம். நிஜ ஆணித்தலை தகட்டோடு சமமாக அடங்கிவிடும். வழவழப்பான தகட்டையே ஒட்டுங்கள்.

கேள்வி: பழைய அட்டவணையில் ஒரு கயிறு 6 அங்குலம் என்று போட்டிருக்கிறது. அதை 1:64-ஆகக் குறைத்தால் 2.4 மி.மீ. வருகிறது, கட்டிப் பார்த்தால் சங்கிலி போலக் கனமாகத் தெரிகிறது. அட்டவணை தப்பா?
- வாசகர், திருச்சி

பதில்: அட்டவணை சரி. அந்தக் காலத்தில் கயிற்றைச் சுற்றளவால் சொன்னார்கள், குறுக்களவால் இல்லை. 6 அங்குலச் சுற்றளவு என்றால் குறுக்களவு 1.9 அங்குலம், 1:64-இல் 0.76 மி.மீ. இதை மட்டும் திருத்தினாலே உங்கள் கப்பல் வேறு கப்பலாகிவிடும்.

பாய்மரத்தைத் தாங்கி நிற்கும் கயிறுகளுக்குத் தார் பூசியிருப்பார்கள், அவை கரும்பழுப்பு. பாயையும் பருமலையும் (பாயைத் தாங்கும் குறுக்குமரம்) இழுக்கும் கயிறுகள் வெளிர் பழுப்பு. மாலுமிகள் ஏறும் கயிற்றுப் படிகளின் இடைவெளி 13 முதல் 15 அங்குலம், உங்கள் அளவில் 5 முதல் 6 மி.மீ. ஒரு வெள்ளை அட்டையில் 5.5 மி.மீ. இடைவெளியில் கோடு போட்டுக் கயிறுகளுக்குப் பின்னால் செருகிவிட்டு, கோட்டைப் பார்த்துக் கட்டுங்கள். ஒவ்வொரு முடிச்சையும் இறுக்கி இழுக்காதீர்கள், பக்கக் கயிறுகள் உள்ளே வளைந்துவிடும். நூலில் பிசிறு இருந்தால் தேன்மெழுகில் இழுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். கிட் வாங்க அப்பாவால் முடியாது. குறைந்த செலவில் என்ன வாங்கிக்கொண்டு ஆரம்பிக்கலாம் அங்கிள்?
- மாணவி, சேலம்

பதில்: நல்லா கேட்டேம்மா. ஒரு கட்டர் கத்தி, இரும்பு ஸ்கேல், உப்புத்தாள், ஃபெவிகால், ஒரு கைத்துளைப்பான், துணி காயப்போடும் கிளிப் ஒரு டஜன். இவ்வளவு போதும், கத்தி வேலையின்போது வீட்டில் பெரியவர் யாராவது பக்கத்தில் இருக்கட்டும். ஐஸ்கிரீம் குச்சியில் ஒரு சிறு படகுக்குப் பலகை போடலாம். மர ஆணிக்கு மூங்கில்தான் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். இரும்புத் தகட்டில் பெரிதிலிருந்து சிறிதாக வரிசையாகத் துளை போட்டு (அதை அப்பாவிடம் போட்டுத் தரச் சொல்), மூங்கில் சீவலை ஒவ்வொன்றிலும் இழுத்தால் அரை மி.மீ. வரை மெலியும். நிஜ மர ஆணி ஒன்றேகால் அங்குலம், 1:64-இல் சரியாக அரை மி.மீ.

இன்னொன்று. நீ செய்கிற அளவுக்கு ஒரு மனிதனை அட்டையில் வெட்டி மேஜைமேல் வைத்துக்கொள். 1:64-இல் 2.6 செ.மீ. உயரம். கதவு, படி, கைப்பிடிச் சுவர் எது செய்தாலும் அவனைப் பக்கத்தில் நிறுத்திப் பார். அவன் நுழைய முடியாத கதவு தப்பான கதவு.

கேள்வி: முடித்த கப்பலைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தேன். பீரங்கிகளில் வெள்ளையாகப் பொடி பூக்கிறது. பூஞ்சையா?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: இல்லை, அது ஈயம். மரமும் பசையும் விடும் அமில ஆவி மூடிய பெட்டிக்குள் தங்கி ஈயத்தை அரிக்கிறது. அந்தப் பொடி நஞ்சு, வாயால் ஊதாதீர்கள், கையுறை போட்டு எடுங்கள். பித்தளை அல்லது மரத்தில் கடைந்த பீரங்கியாக மாற்றிவிட்டு, பெட்டியின் அடியில் காற்றுப் போக வழி விடுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர் யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறை. ‘அன்னபூரணி’யைச் செய்ய வேண்டும் என்று நீண்ட நாள் ஆசை. கிட் கிடையாது. முடியுமா அண்ணா?
- வாசகர், டொரன்டோ

பதில்: முடியும் தம்பி, செய்யவும் வேண்டும். வல்வெட்டித்துறையில் கட்டிய அந்தப் பாய்க்கப்பலை வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கி ‘ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன்’ என்று பெயர் மாற்ற, உங்கள் ஊர் மாலுமிகள் அதை ஓட்டிக்கொண்டு 1938-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர் போய்ச் சேர்ந்தார்கள். விக்டரிக்கு ஊருக்கு ஊர் கிட் இருக்கிறது, இதற்கு ஒன்றுகூட இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

குளோஸ்டரில் எடுத்த புகைப்படங்களைத் தேடி எடுங்கள். மேல்தளத்தில் நிற்கும் ஆளின் உயரத்தை அளவுகோலாக வைத்துப் பாய்மரம், பருமல், கைப்பிடிச் சுவர் உயரங்களைக் கணக்கிடலாம். பக்கவாட்டில் நேராக எடுத்த படத்தை மட்டும் நம்புங்கள், கோணத்தில் எடுத்தது ஏமாற்றும். தண்ணீருக்குக் கீழே உள்ள வடிவம் எந்தப் படத்திலும் இருக்காது. அதற்குத் தூத்துக்குடித் தோணிகளைப் பாருங்கள், பழுதுபார்க்கக் கரையேற்றியிருக்கும் ஒன்றில் அனுமதி கேட்டு, குறிப்பிட்ட இடைவெளிகளில் வங்கின் வளைவை அளந்து வாருங்கள். தச்சர்களிடம் கேட்காமல் திரும்பாதீர்கள், இந்தப் பக்கத்து மரக்கலங்களுக்குப் பெரும்பாலும் தாளில் வரைபடம் இருக்காது, கேரளத்துப் பேப்பூரில் ‘உரு’ என்ற மரக்கப்பல் கட்டும் மேஸ்திரிகளும் கணக்கை மனதில்தான் வைத்திருக்கிறார்கள்.

படத்திலிருந்து எடுத்த அளவு எது, தோணியைப் பார்த்து ஊகித்தது எது என்று ஒரு நோட்டில் தனித்தனியாக எழுதி வையுங்கள், பின்னால் செய்கிறவருக்கு அது வேண்டும். அளவு 1:48 எடுங்கள், கப்பிகளைக் கையால் செய்ய அதற்குக் கீழே போனால் சிரமம். கோட்டு வரைபடம் தயாரானதும் பலகை அறுப்பதற்கு முன் ஒரு நகல் அனுப்புங்கள், அணியத்தின் வளைவைச் சேர்ந்தே பார்த்துவிடலாம்.