லிமாவில் ஒரே ஒரு விருந்து: சைவம் சாப்பிடுபவரும் மீன் பிரியரும் ஒரே மேஜையில்

கோவையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "மாச்சு பிச்சு பார்க்க நானும் மனைவியும் பெரு போகிறோம். நடுவில் லிமாவில் இரண்டு நாள் தங்குகிறோம். உலகப் புகழ்பெற்ற உணவகங்கள் அங்கே இருப்பதாகப் படித்தோம். ஒரு வேளையாவது நல்ல இடத்தில் சாப்பிட ஆசை. நான் மீன், கோழி சாப்பிடுவேன். மாட்டிறைச்சியும் பன்றியும் தொடுவதில்லை. மனைவி சுத்த சைவம், முட்டையும் சேர்ப்பதில்லை. ஸ்பானிஷ் தெரியாது. எங்கே போவது, என்ன கேட்பது?"

முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன்: இரவு விருந்தை மறந்துவிட்டு மதியம் போங்கள். வரிசையாகப் பதினைந்து தட்டு வரும் நிர்ணய மெனுவைத் தேடாமல், பட்டியலைப் பார்த்து நீங்களே தேர்ந்தெடுக்கும் உணவகமாகப் பாருங்கள்.

நீங்கள் படித்தது பெரும்பாலும் சென்ட்ரல், மைடோ ஆகிய இரண்டைப் பற்றித்தான் இருக்கும். உலகின் 50 சிறந்த உணவகங்கள் பட்டியலில் வீர்ஹிலியோ மார்ட்டினெஸும் பியா லெயோனும் நடத்தும் சென்ட்ரல் 2023-லும், மிட்சுஹாரு சுமுராவின் மைடோ 2025-லும் முதலிடம் பெற்றன. இரண்டும் மகத்தான இடங்கள்தான். சென்ட்ரலில் பசிபிக் கடலடி முதல் ஆண்டிஸ் உச்சி வரை ஒவ்வொரு உயரத்திலும் விளைவதை ஒவ்வொரு தட்டாகக் கொண்டுவருவார்கள். மைடோவில் ஜப்பானியக் குடியேறிகளின் கைப்பக்குவம் பெருவின் மீனோடு சேர்கிறது. ஆனால் இடம் கிடைக்கப் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும். ஒருவருக்கு ஆயிரம் சோலுக்கு (பெருவின் நாணயம்) மேல் ஆகும்; சாப்பிட்டு எழ மூன்று மணி நேரம் பிடிக்கும். கணவர் மீன் சாப்பிடும்போது மனைவிக்கு மாற்றுத் தட்டு வரும். அது நன்றாகவே இருக்கும் என்றாலும், அந்தச் சமையல்காரர் எதற்குப் பெயர் பெற்றாரோ அது அதில் இருக்காது. பெருவில் உங்களுக்கு இருப்பது ஒரே ஒரு நல்ல வேளை. அதில் இருவருக்கும் சம பங்கு இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

மதியம் ஏன் என்றால், எலுமிச்சைச் சாற்றில் ஊறிய பச்சை மீனான செபிச்சேயை லிமாக்காரர்கள் மதியத்தில்தான் சாப்பிடுவார்கள். காலையில் கரைக்கு வந்த மீனை மதியத்துக்குள் தீர்த்துவிடுவது அந்த ஊர்ப் பழக்கம். லிமாவின் மிராஃப்ளோரஸ் பகுதியில் இருக்கும் லா மார் போன்ற பெயர்பெற்ற செபிச்சே உணவகங்கள் இரவில் திறப்பதே இல்லை. அங்கே ஒரு மணிக்குப் போனால் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து ரசித்துச் சாப்பிடுவதைப் பார்க்கலாம். அமைதியான பெரிய வீட்டுச் சூழல் வேண்டுமானால் சான் இசித்ரோ பகுதியில் ஆஸ்ட்ரிட் இ காஸ்டோன் இருக்கிறது. சமையல்காரர்கள் காஸ்டோன் அகூரியோவும் ஆஸ்ட்ரிட் குட்ஷேயும் 1994-இல் தொடங்கியது. இப்போது காசா மொரேய்ரா என்ற பழைய பண்ணை மாளிகையில் இயங்குகிறது. பெரு உணவு இன்று உலகம் முழுக்கப் பேசப்படுவதற்கு அகூரியோவின் உழைப்பு பெரிய காரணம். இரவில்தான் நேரம் வாய்க்கிறது என்றால் மிராஃப்ளோரஸில் உள்ள உவாக்கா புக்யானா உணவகத்தைச் சொல்வேன். ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுப் பழமையான மண்செங்கல் பிரமிடு ஒன்றின் அடியில் மேஜை போட்டிருக்கிறார்கள். அலமாரியில் அடுக்கிய புத்தகங்கள் போலச் செங்கற்களை நிறுத்தி வைத்துக் கட்டிய சுவர் விளக்கொளியில் தெரியும்.

எங்கே போனாலும் முன்பதிவின்போதே மனைவியின் உணவுமுறையைத் தெளிவாக எழுதிவிடுங்கள். இந்தத் தரத்து உணவகங்களில் ஆங்கிலம் செல்லுபடியாகும். வெறுமனே "சைவம்" என்று எழுதினால் போதாது. பெருவில் இறைச்சி வேண்டாம் என்றால் கோழி வரலாம், மீன் வரலாம், மாட்டெலும்புச் சாற்றில் வெந்த கீன்வா சூப்பும் வரலாம். இறைச்சி, கோழி, மீன், இறால் வகை, முட்டை, இவற்றில் எடுத்த சாறு எதுவும் கூடாது என்று ஒவ்வொன்றாக எழுத வேண்டும். மேஜையில் மீண்டும் சொல்ல இந்த வரியைக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள்: "நோ கோமே கார்னே, நி போயோ, நி பெஸ்காதோ, நி மாரிஸ்கோஸ், நி உவேவோ. தம்போக்கோ கால்தோ." மனைவியைக் கைகாட்டி இதைச் சொன்னால் பரிமாறுபவர் சமையலறையில் கேட்டு வந்து பதில் சொல்வார். பொறுமையாகக் கேட்டுச் சொல்வார்கள், தயங்க வேண்டாம்.

இனி மனைவியின் தட்டு. நம் உருளைக்கிழங்கின் தாயகம் ஆண்டிஸ் மலைதான். ஆயிரக்கணக்கான வகை அங்கே விளைகிறது. அதனால் சைவத்துக்கு அங்கே பஞ்சம் இல்லை. பஞ்சம் வருவது கேட்கத் தெரியாதபோதுதான். முதலில் காவுசா கேளுங்கள். மஞ்சள் உருளைக்கிழங்கை நைசாக மசித்து, எலுமிச்சைச் சாறும் அஹி அமரீயோ என்ற மஞ்சள் மிளகாய் விழுதும் சேர்த்துப் பிசைந்து, அடுக்கடுக்காக அமைத்துக் குளிர்ச்சியாகவே பரிமாறுவார்கள். நடுவில் வழக்கமாக டூனா மீனோ கோழியோ மயோனைஸில் கலந்து இருக்கும். அதற்குப் பதில் அவகாடோ மட்டும் வைத்து, முட்டை சேர்ந்த மயோனைஸ் இல்லாமல் கேட்க வேண்டும். அடுத்தது பாப்பா அ லா உவாங்காயீனா: வெந்த கிழங்கு வில்லைகளின் மேல் அதே மஞ்சள் மிளகாய், புதுப் பாலாடைக்கட்டி, சுண்டிய பால், உப்பு பிஸ்கட் எல்லாம் அரைத்த குழம்பை ஊற்றி வருவது. மேலே அரை முட்டை இருக்கும், வைக்க வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். பாலாடைக்கட்டியில் கன்றின் இரைப்பை நொதி சேர்ந்திருக்கலாம். அதையும் தவிர்ப்பவர் என்றால் உவாங்காயீனா போலப் பாலாடைக்கட்டி சேர்ந்த எதுவும் வேண்டாம்.

பூசணியைச் சோளம், கிழங்கு, பாலோடு குழைய வேகவைக்கும் லோக்ரோ தே சபாயோ பட்டியலில் இருந்தால் விடாதீர்கள். பொன்னிற நிறமும் இதமான சூடும் கொண்ட வீட்டுச் சாப்பாடு அது. அரேகிப்பா ஊரின் சொல்தெரீத்தோவும் நல்ல தேர்வு: மொச்சை போன்ற பெரிய அவரைக்கொட்டை, சோளம், பாலாடைக்கட்டி, ஆலிவ் கலந்த சாலட்.

மூன்று இடங்களில் கவனம் தேவை. காளான் செபிச்சே என்று பட்டியலில் இருக்கும். பார்த்ததும் மனம் துள்ளும். ஆனால் அதில் ஊற்றும் லெச்சே தே தீக்ரே என்ற புளிப்புச் சாற்றை மீன் துண்டுகளையோ மீன் சாற்றையோ சேர்த்து அரைப்பதுதான் வழக்கம். மீன் இல்லாமல் தனியே செய்ய முடியுமா என்று கேட்டுவிட்டே சொல்லுங்கள். சோறும் பயறும் சேர்த்து வதக்கும் தாக்கு தாக்குவில் பன்றிக் கொழுப்பு இருக்கக்கூடும். காளான் சல்தாதோ போன்ற சீனப் பாணி வறுவல்களில் சிப்பிச் சாறு கலப்பது சாதாரணம்.

உங்கள் தட்டுக்கு வருவோம். முதலில் கிளாசிக் செபிச்சே. கொர்வீனா அல்லது லெங்குவாதோ மீனைத் துண்டாக்கி, உப்பு, எலுமிச்சைச் சாறு, காரமான அஹி லிமோ மிளகாய், மெல்லிய சிவப்பு வெங்காயம் சேர்த்துச் சில நிமிடங்களில் தந்துவிடுவார்கள். மீனின் ஓரம் மட்டும் வெளுத்து, உள்ளே பச்சையாகவே பளபளக்கும். பக்கத்தில் அவித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கும் பெரிய மணிச் சோளமும் இருக்கும். புளிப்பு ஏறும்போது கிழங்கு ஒரு துண்டு, மறுபடி மீன் என்று மாற்றி மாற்றிச் சாப்பிட்டால்தான் அதன் அருமை தெரியும். தட்டில் தேங்கும் சாற்றைக் கரண்டியால் எடுத்துக் குடிப்பது அங்கே மரியாதைக் குறைவு அல்ல. பச்சை மீன் ஒத்துக்கொள்ளாது என்று தோன்றினால் மீனைத் தக்காளி, வெங்காயத்தோடு ஆவியில் வேகவைத்த சுதாதோ கேளுங்கள். கோழி வேண்டுமானால் அஹி தே கயீனா: நார் நாராகப் பிய்த்த கோழியை மஞ்சள் மிளகாய், ரொட்டி, பால், கொட்டை அரைத்த குழம்பில் போட்டுச் சோற்றோடு தருவது. லோமோ சல்தாதோ மாட்டிறைச்சி. அந்திகூச்சோ என்ற சுட்ட துண்டுகள் மாட்டு இதயம். குய் என்றால் கினிப்பன்றி. இந்த மூன்று பெயரும் நினைவிருந்தால் போதும்.

காரம் போதவில்லை என்று உங்களுக்கு நிச்சயம் தோன்றும். அஹி அமரீயோவில் பழவாசம்தான் தூக்கலாக இருக்கும். ரொகோத்தோ துவையல் கேளுங்கள். பார்க்கக் குட்டிக் குடைமிளகாய் போல இருக்கும் அந்த மிளகாயின் விதை கறுப்பு. காரம் உண்மையான காரம்.

குடிப்பதற்கு ஊதாச் சோளத்தை அன்னாசித் தோல், பட்டை, கிராம்போடு கொதிக்கவைத்து ஆறவைத்த சீச்சா மொராதா. மது இல்லை. ஆனால் சீச்சா தே ஹோரா புளித்த மது, வேறு. புகழ்பெற்ற மதுக்கலவையான பிஸ்கோ சவரின் நுரை பச்சை முட்டை வெள்ளைக்கரு. மனைவி மது அருந்துவாரானால் முட்டையில்லாத சில்கானோ தே பிஸ்கோ தரச்சொல்லலாம். இனிப்பில் ஊதாச் சோளக் கூழான மசமோர்ரா மொராதா அவருக்குப் பொருந்தும். பூசணியும் சர்க்கரைவள்ளியும் சேர்ந்த மாவை வளையமாகப் பொரித்து, வெல்லப் பாகு ஊற்றித் தரும் பிகரோனெஸ் நம் நாவுக்கு நெருக்கமானது. மாவில் முட்டை உண்டா என்று மட்டும் கேளுங்கள். சுஸ்பீரோ என்ற இனிப்பு முழுக்க முட்டை.

உடை பற்றிக் கவலை வேண்டாம்; சுத்தமான முழுக்கால் சட்டை, சட்டை, மூடிய காலணி போதும். ஜூன் முதல் அக்டோபர் வரை லிமா மேகமூட்டமாகவும் சில்லென்றும் இருக்கும், மெல்லிய ஸ்வெட்டர் எடுத்துச் செல்லுங்கள். இந்தப் பெரிய சாப்பாட்டை லிமாவிலேயே முடித்துவிடுங்கள். மாச்சு பிச்சுவுக்குப் போகும் வழியில் உள்ள குஸ்கோ நகரம் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. போய் இறங்கிய முதல் நாள் மலைக் காற்றுக்கு உடம்பு பழகும் வரை கனமான உணவும் மதுவும் ஆகாது.

பில் விஷயம். பட்டியலில் உள்ள விலையில் வரி சேர்ந்தே இருக்கும். பில்லில் "ரெகார்கோ அல் கொன்சூமோ" என்று ஒரு தொகை தனியே தெரிந்தால் அது சேவைக் கட்டணம். மேலே டிப்ஸ் தரும் கட்டாயம் இல்லை. அது இல்லையென்றால் பத்து சதவீதம் வையுங்கள், ரொக்கமாக வைத்தால் நல்லது. கார்டு இயந்திரத்தை மேஜைக்கே கொண்டுவருவார்கள். எந்த நாணயம் என்று திரை கேட்டால் சோல் என்றே தேர்ந்தெடுங்கள். ரூபாயோ டாலரோ தேர்ந்தால் மாற்று விகிதத்தில் காசு போகும். "பொலேத்தாவா, ஃபக்தூராவா?" என்று கேட்பார்கள். இரண்டாவது வணிக நிறுவனங்களுக்கான ரசீது, உங்களுக்கு முதலாவது போதும்.